மச்சான் கேட்ட கூலி

எங்கள் ஊர்க் கால்பந்துக் கிளப்பான முக்குபா ரோவர்ஸுக்காக இதுவரை நான் ஒன்பது சவப்பெட்டிகள் செய்திருக்கிறேன். ஒன்றிலும் பிணம் படுத்ததில்லை. ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியாளருக்கு. நாலைந்து ஆட்டம் சேர்ந்தாற்போல் தோற்றால் எங்கள் ரசிகர்கள் மனு எழுதுவதில்லை, பெட்டி தூக்குவார்கள். மூடியில் ஆளின் பெயரைச் சுண்ணாம்பால் எழுதி, ஒப்பாரி வைத்துக்கொண்டே பயிற்சி நடக்கிற மைதானத்துக்குப் போய் நடுவட்டத்தில் இறக்குவார்கள். மறுநாள் காலை அந்த மனிதர் மூட்டை முடிச்சோடு பேருந்து நிலையத்தில் நிற்பார்.

நான் தச்சன். கிட்வே நகரத்துக்குப் போகும் சாலையில், செம்புச் சுரங்கத்தின் கசடு மேட்டுக்கு எதிரே என் பட்டறை. கதவு, கட்டில், சவப்பெட்டி எல்லாம் செய்வேன். என் மூத்தவன் பெயர் கசோண்டே என்பதால் ஊருக்கு நான் பாஷி கசோண்டே, அதாவது கசோண்டேயின் அப்பா. ரசிகர் சங்கத்தின் தலைவனும் நானே. பெட்டி செய்கிறவனே தலைவனாக இருந்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று நினைத்தார்களோ என்னவோ.

ஒன்பது பேரை அனுப்பி என்னத்தைக் கண்டோம்? பதினோரு வருஷமாக ஒரு கோப்பை இல்லை. புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முதல் நாளிலிருந்தே பெட்டிக்குப் பயந்து, முப்பத்தைந்து வயதுக் கால்களை வெளியூரிலிருந்து கூட்டி வந்து ஆடவிடுவார். அவர்களும் பாதி ஆட்டத்தில் மூச்சு வாங்கி உட்காருவார்கள். கடைசியில் போன ஜூலையில் சுரங்கக் கம்பெனி கிளப்பைக் கைகழுவியது. அனாதையாக நின்றதை ஐந்து பேர் கொண்ட புதிய நிர்வாகம் எடுத்துக்கொண்டது. தலைவர் நாமுகோலோ அம்மா. சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பகுதிக்குப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், இரும்புக் கடைக்காரர் ஒருவர், லாரி முதலாளி ஒருவர். ரசிகர்கள் சார்பில் ஐந்தாவது ஆள் நான்.

சுரங்கத் தொழிலாளர் நலக்கூடத்தில் ஊரைக் கூட்டி அந்த அம்மா பேசியது பத்தே நிமிஷம்.

"ஏழு வருஷத் திட்டம். முதல் ரெண்டு வருஷம் அழுகைதான், இப்பவே சொல்லிடறேன். கீழ் டிவிஷனுக்குப் போனாலும் போவோம். இனிமே வாடகைக் கால் கிடையாது. நம்ம தெருப் பசங்களைப் பதினாலு வயசுலேர்ந்து நாமளே வளர்க்கிறோம். பயிற்சியாளருக்கு நாலு வருஷ ஒப்பந்தம். நடுவுல அவரை அனுப்பினா அன்னைக்கே நானும் போயிடுவேன், திட்டமும் போயிடும். முடியாதுன்னா இப்பவே முடியாதுன்னு சொல்லிடுங்க, நான் வீட்டுல போய்க் கோழி வளர்க்கிறேன்."

கூடமே கை தூக்கியது. கெர்ஷோம் சாம்பா இரண்டு கையையும் தூக்கினான். கெர்ஷோம் யார் என்றால், முப்பது வருஷம் சுரங்கத்துக்குள் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டைக்காரன். ஒன்பது பெட்டிக்கும் முன்னால் தோள் கொடுத்தவன் அவன்தான். அவனே இரண்டு கையும் தூக்கினால் மற்றவர்களைப் பற்றிக் கேட்பானேன்?

அதற்கப்புறம் எங்கள் ஊரைப் பிடிக்கவா முடிந்தது? சுவர்களில் எல்லாம் கிளப்பின் பச்சையும் செம்பு நிறமும் ஏறின. தையற்காரர் ஒருவர் கொடியில் ஏழு வட்டம் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாக நிரப்பப் போவதாகச் சொன்னார். கெர்ஷோம் தனக்குப் பிறந்த பெண்ணுக்கு 'விஷன்' என்று பெயர் வைத்தான். சாராயக் கடையில் உட்கார்ந்தால் பேச்செல்லாம் வயதுக் கணக்குத்தான். கோல்காப்பாளன் கபாசோவுக்கு இப்போது பதினெட்டு, ஏழாவது வருஷத்தில் இருபத்தைந்து, அப்போது அவனை யார் அசைப்பது? நானும் நம்பினேன். வெட்கமே இல்லாமல் நம்பினேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்கு அடுத்த ஏழு வருஷத்தை நினைத்துத் தூக்கம் வராமல் போவது சின்ன விஷயமா?

பயிற்சியாளராக வந்தவர் ஜெரே. கிழக்கே சிப்பாட்டா ஊர்க்காரர். ஐம்பது வயது, குள்ளம், இடது கால் கொஞ்சம் இழுக்கும். வந்த அன்றே பையன்களிடம் பந்தைத் தூக்கி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். கோல்காப்பாளனிலிருந்து ஆரம்பித்து, காலுக்குக் கால் கொடுத்து, நடந்து போகிற மாதிரி முன்னே போகவேண்டும். அழகாகத்தான் இருந்தது, எதிராளி குறுக்கே வராதவரை.

முதல் ஆட்டம் ஜெயித்தோம். அப்புறம் ஜெயிப்பதும் தோற்பதுமாக இழுத்துக்கொண்டு போனோம். ஏப்ரல் பிறந்ததும் சரிய ஆரம்பித்தது. மே மூன்றாம் வாரத்துக்குள் தொடர்ந்து ஏழு தோல்வி. ஏழில் மூன்று, கபாசோ தன் கோல் வாசலிலேயே பந்தை எதிராளி காலில் கொண்டுபோய்க் கொடுத்ததால் வந்தவை. கடைசி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, இட்டாவா சிட்டியோடு. ஜெயித்தால் பிழைப்போம். இல்லாவிட்டால் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கீழே போவோம்.

புதன்கிழமை மத்தியானம் கெர்ஷோம் இருபது பேரோடு பட்டறைக்கு வந்தான்.

"அண்ணே, பெட்டி வேணும்."

"யார் செத்தது?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நாளைக்கு நாலு மணிக்குள்ள வேணும்."

"நலக்கூடத்துல ரெண்டு கையும் தூக்கினது யாரு கெர்ஷோம்?"

"கையைத்தானே தூக்கினேன், கழுத்தையா நீட்டினேன்? அந்தம்மா அழுகைன்னு சொன்னாங்க, சரி, அழுதோம். இப்படி வாராவாரம் அழச் சொல்லுவாங்கன்னு யாருக்குத் தெரியும்? என் பக்கத்து வீட்டுக்காரன் இட்டாவா ஆளு. தினம் காலையில பல் தேய்ச்சுக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிக்கிறான்."

"அவன் சிரிச்சா நீ உள்ள போய்ப் பல் தேய்."

யாரோ சிரித்தார்கள். கெர்ஷோம் சிரிக்கவில்லை. இழைப்புளியின் மேல் கையை வைத்து என்னைப் பார்த்தான்.

"திங்கக்கிழமை நிர்வாகக் கூட்டம். இரும்புக் கடையும் லாரியும் ஜெரேயை அனுப்பணுங்கிறாங்க. அம்மாவும் வாத்தியாரும் வேண்டாங்கிறாங்க. நடுவுல நீங்கதான். நாங்க உக்கார வச்ச நாற்காலி அது. அவனை அனுப்புன்னு நீங்க கை தூக்கலேன்னா செவ்வாக்கிழமை சங்கத்துக்கு வேற தலைவர். சொல்லிட்டேன்."

பெட்டி செய்ய மாட்டேன் என்றேன். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்தது. திங்கட்கிழமை என்ன செய்வேன் என்பதுதான் எனக்கே தெரியவில்லை. ஏழு தோல்வியையும் நானும்தானே பார்த்தேன்? ஜெரேயை அனுப்பினால் நாமுகோலோ அம்மா போவார். திட்டம் போகும். மறுபடி வாடகைக் கால்கள், மறுபடி என் பட்டறையில் பலகை அறுக்கும் சத்தம். அனுப்பாவிட்டால் இருபது வருஷம் என்னோடு தோளோடு தோள் நின்றவர்கள் என்னைத் துரோகி என்பார்கள்.

வியாழக்கிழமை அவர்கள் பெட்டியோடு சாலையில் போனபோது எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. சந்தையில் கோழிக்கூடு அடிக்கிற ஒருவனைப் பிடித்துச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம், ஆணியெல்லாம் வெளியே எட்டிப் பார்க்கிறது. பயிற்சியாளரை அவமானப்படுத்துவது இருக்கட்டும், சவப்பெட்டியை இப்படியா அவமானப்படுத்துவது? உளியைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். எப்படியாவது நிறுத்திவிடலாம் என்று ஒரு நப்பாசை.

முன்னால் கெர்ஷோம், தலையில் சுரங்கத் தொப்பி. பெட்டிக்குப் பின்னால் பானா காப்வே. காப்வேயின் அம்மா, சந்தையில் தக்காளி விற்கிறவள். எங்கள் பாட்டுக்கெல்லாம் தலைக்குரல் அவள்தான். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நிஜச் சாவுக்கு அழுவதைவிட நன்றாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். இருநூறு பேர் இருப்பார்கள். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

பையன்கள் பயிற்சியை நிறுத்திவிட்டுத் தூரத்துக் கோல் கம்பத்தருகே ஒட்டிக்கொண்டு நின்றார்கள். கபாசோ கையுறைகளால் காதைப் பொத்திக்கொண்டிருந்தான். பெட்டி நடுவட்டத்தில் இறங்கியது. ஜெரே காலை இழுத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தார். குனிந்து மூடியில் இருந்த தன் பெயரைப் படித்தார். பிறகு இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு பெருங்குரலில் அழ ஆரம்பித்தார்.

"ஐயோ, என் மச்சானுங்க எல்லாரும் ஒரே நாள்ல போய்ச் சேர்ந்துட்டாங்களே. ஏழு வாரமா நீங்க ஜெயிச்சாப் பாடுற பாட்டையே காணோமேன்னு பார்த்தேன். நீங்க செத்த சேதியை எனக்கு யாரும் சொல்லலையே."

பானா காப்வேயின் ஒப்பாரி பாதியில் நின்றது. அவள் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அட கடவுளே, இந்தாளு ங்கோனி ஆச்சே. யாருக்குமே தோணலையா?"

யாருக்கும் தோணவில்லை. இதுவரை நாங்கள் பெட்டி தூக்கி அனுப்பிய ஒன்பது பயிற்சியாளர்களில் ஒருவர்கூட ங்கோனி இனத்தவர் இல்லை. நாங்கள் பெம்பா இனம். எங்கள் முப்பாட்டன்மார்களும் அவர்கள் முப்பாட்டன்மார்களும் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அந்தப் பாவத்துக்கு இன்றுவரை நாங்கள் இரண்டு கூட்டமும் மச்சான் முறை. எங்கே பார்த்தாலும் கேலி பேசலாம். அதிலும் சாவு வீட்டில் மச்சான் வைத்ததுதான் சட்டம். பிணத்தைக் கிண்டல் செய்வான், வழியை மறிப்பான், குழிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டு கூலி கேட்பான். அவன் மேல் கோபப்படக் கூடாது. கேட்ட கூலியைக் கொடுக்காமல் புதைக்கவும் கூடாது. அப்படியிருக்க, நாங்கள் மச்சானையே பிணமாக்கி மச்சான் இருக்கிற இடத்துக்கே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்.

ஜெரே அதற்குள் மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே படுத்துவிட்டார். அந்தக் குள்ள மனிதருக்கே முழங்கால் வெளியே நின்றது.

"இது யார் அளவுக்குச் செஞ்சது? குரங்கைத் தின்னுதின்னு உங்களுக்கு மனுஷ அளவே மறந்துபோச்சா?"

"எலி திங்கிறவனுக்கு இது போதும்," என்றான் கெர்ஷோம்.

அவர்கள் எங்களைக் குரங்கு தின்கிறவர்கள் என்பதும் நாங்கள் அவர்களை எலி தின்கிறவர்கள் என்பதும் பழைய கேலி. பழக்கத்தில் வாயிலிருந்து நழுவியதுதான். ஆனால் பதில் கேலி பேசினால் முறையை ஒப்புக்கொண்டதாகத்தான் அர்த்தம். கூட்டம் குபீரென்று சிரித்தது. கெர்ஷோம் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"சரி மச்சான், ஒரு பாக்கெட் சோள பீர் வாங்கித் தரேன். எழுந்திரு," என்றான்.

"பீர் வேண்டாம்."

"ரெண்டு பாக்கெட்."

ஜெரே எழுந்து பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்தார். முகத்தில் கேலி இல்லை.

"அந்தப் பசங்களைப் பாருங்க. எல்லாம் உங்க தெருப் பசங்கதான். போன வாரம் ரெண்டாவது கோல் விழுந்ததும் நீங்க பாட்டை நிறுத்திட்டு ஏச ஆரம்பிச்சீங்க. ராத்திரி கபாசோ என்கிட்ட வந்து, நான் விட்டுடறேன், சுரங்கத்துக்கே போறேன்னான். ஞாயித்துக்கிழமை ஜெயிப்போம்னு நான் சொல்ல மாட்டேன். இட்டாவா நம்மளைவிட நல்லா ஆடுறான். கூலி இதுதான். கடைசி விசில் ஊதினதும், ஜெயிச்சா பாடுவீங்களே, அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாப் பாடணும். தோத்தாலும் பாடணும். அதோட நமக்குள்ள கணக்குத் தீர்ந்தது. திங்கக்கிழமை வந்து என்னைப் புதைங்க. மண்வெட்டி நான் கொண்டு வரேன்."

கூட்டம் முணுமுணுத்தது. "தோத்த அன்னைக்கு அந்தப் பாட்டா? இட்டாவாக்காரன் விழுந்து விழுந்து சிரிப்பான்," என்றது ஒரு குரல். கெர்ஷோம் மண்ணைக் காலால் கிளறிக்கொண்டு நின்றான்.

"மச்சான் கேட்டாச்சு, கொடுத்துத்தான் ஆகணும்," என்றாள் பானா காப்வே. "ஒரு தடவைதானே. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாடிடுவோம்."

பெட்டி வந்த வழியே திரும்பியது. கெர்ஷோம் போகிறபோது என் காதருகே வந்து, "ஒரு தடவை. அப்புறம் திங்கக்கிழமை, ஞாபகம் இருக்கட்டும்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. எங்கள் ஊரில் மே மாதம் தொடங்குகிற குளிர்காற்று கசடு மேட்டுத் தூசியை எல்லார் முகத்திலும் அப்பியது. இருபதாவது நிமிஷமே இட்டாவா ஒரு கோல் போட்டது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் கெர்ஷோம்.

இரண்டாவது பாதியில் ஒன்று நடந்தது. கபாசோவிடம் பந்து வந்தது. இட்டாவாவின் முன்கள ஆட்டக்காரர்கள் இருவர் அவனை நோக்கிப் பாய்ந்தார்கள். தூக்கி அடிடா என்று அரங்கமே கத்தியது. அவன் அடிக்கவில்லை. இருவருக்கும் நடுவே மெதுவாகத் தட்டினான். அங்கிருந்து பந்து வலது பக்கம், நடுவே, மறுபடி வலது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நான் பதினான்கு வரை எண்ணினேன். பதினைந்தாவது கால் கோலுக்குள் தள்ளியது. எங்கள் பையன்கள் கத்தக்கூட மறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், இதை நாமா செய்தோம் என்கிற மாதிரி. நாற்பது வருஷமாக இந்த மைதானத்துக்கு வருகிறேன், அப்படி ஒரு கோலை நான் பார்த்ததில்லை. ஏழு வருஷத் திட்டம் என்று அந்த அம்மா சொன்னது எதை என்பது எனக்கு அப்போதுதான் உடம்பில் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். கெர்ஷோம் வாயைத் திறந்தபடியே நின்றான்.

ஆனால் கோல் அழகாக இருந்தது என்பதற்காக யாரும் இரண்டாகக் கணக்கு வைப்பதில்லை. எண்பத்து மூன்றாவது நிமிஷத்தில் ஒரு மூலை உதை, ஒரு உயரமான தலை, அவ்வளவுதான். இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியபோது நாங்கள் கீழ் டிவிஷனில் இருந்தோம்.

எதிர்ப்பக்கத்தில் எங்களைக் கேலியாக வழியனுப்பி இட்டாவாக்காரர்களின் வெள்ளைக் கைக்குட்டைகள் ஆடின. பையன்கள் நின்ற இடத்திலேயே விழுந்து கிடந்தார்கள். ஜெரே நடுக்கோட்டில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

பானா காப்வே ஆரம்பித்தாள். குரல் உடைந்துதான் வந்தது. ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். நாலு அடிப் பாட்டு அது. வேண்டா வெறுப்பாக, வரிசையில் நின்று வரி கட்டுகிறவர்கள் மாதிரிப் பாடினோம். கெர்ஷோம் உதட்டை மட்டும் அசைத்தான். இட்டாவாக்காரர்கள் சிரித்தார்கள். நாலாவது அடி முடிந்தது.

ஜெரே லேசாக முழங்காலை மடக்கி, உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை தட்டினார். வந்து சேர்ந்தது, நன்றி என்று அர்த்தம். பிறகு திரும்பி அறையை நோக்கி நடந்தார். பையன்களும் எழுந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள்.

கணக்குத் தீர்ந்தது. யாரும் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. மக்கள் துணியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மேல் வரிசையில் இருந்து இரும்புக் கடைக்காரர் இறங்கி வந்து, "நாளைக்குப் பத்து மணி, மறந்துடாதீங்க," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்போது கெர்ஷோம் தலையிலிருந்த சுரங்கத் தொப்பியைக் கழற்றி இரும்புக் கம்பியில் ஓங்கித் தட்டினான். மறுபடி தட்டினான். தாளம் பிடித்தது. பெட்டிக்கு ஆள் கூட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அவன் பாட்டின் முதல் அடியை எடுத்தான். முப்பது வருஷம் பூமிக்கு அடியில் கத்திய அந்தத் தொண்டை, கசடு மேடுவரை கேட்டிருக்கும். வாசல்வரை போனவர்கள் திரும்பினார்கள். இரண்டாவது அடிக்குள் அரங்கம் முழுக்க நின்றது. இந்தத் தடவை யாரும் பல்லைக் கடிக்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் கைக்குட்டைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

பையன்கள் நின்றார்கள். கபாசோ முதலில் திரும்பி எங்களை நோக்கி நடந்தான், அப்புறம் ஓடினான். ஜெரே மட்டும் திரும்பவில்லை. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. எனக்கும் கண்ணீர் வந்தது. அதை மறைக்க நான் முயற்சி செய்யவில்லை.

கெர்ஷோமின் காதருகே போய்க் கத்தினேன்: "கூலிதான் கொடுத்தாச்சேடா, அப்புறம் எதுக்கு?"

"அது மச்சானுக்குப் பாடினது," என்றான் அவன், தாளத்தை விடாமல். "இது நம்ம பசங்களுக்கு. நாளைக்குக் கூட்டத்துல அந்தாளு இருக்கணும்னு கை தூக்குங்க. அதை அப்புறம் பேசிக்கலாம். இப்பப் பாடுங்க அண்ணே."

பாடினேன்.